வீடு தேடும் உள்ளம்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையில் உள்ளது கல்லாறு. பெயருக்கேற்ப உருண்ட கற்களினூடே ஆறு ஓடுகிறது. அதனை அடுத்துக் காடு. இத்தகைய ஊரில், நினைவு மங்கிய முதியவர் ஒருவர் தனியே வெளியேறிவிட்டால் சிறு தாமதமும் பேராபத்தாகலாம்.

நினைவிழப்பு நோய்களுள் மிகப் பரவலானது, 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயாகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் நினைவிழப்புடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இவர்கள் பிடிவாதத்தால் வெளியேறுவதில்லை. பசி, தாகம், கழிவறை செல்லும் தேவை, வலி, தனிமை ஆகியவற்றுள் ஒன்றைச் சொல்லத் தெரியாமல் எழுந்து நடக்கிறார்கள். “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று சொந்த வீட்டிலேயே ஒருவர் கூறுவாராயின், அவர் தேடுவது பெரும்பாலும் இளமைக்கால வீட்டையும் அங்கிருந்த பாதுகாப்பையுமே. “இதுதானே உங்கள் வீடு!” என்று வாதிடுவதால் கலக்கமே மிகும். “அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டு அருகில் அமர்ந்தால் மனம் அமைதியுறும்.

எனவே, தடுப்பு என்பது பூட்டிலிருந்து தொடங்குவதன்று. தேவையை அறிவதிலிருந்து தொடங்குவது. வெளியேறும் நேரத்தைச் சில நாட்கள் குறித்து வாருங்கள். மாலையில் அமைதியின்மை மிகுமாயின், அதற்கு முன்பே உணவளித்து, உடன் சிறிது தூரம் நடந்து, விளக்கேற்றிவிடுங்கள். கதவில் சிறு மணி கட்டுங்கள். தாழ்ப்பாளை எளிதில் கண்ணில் படாத உயரத்தில் அமையுங்கள். ஆயினும், வீட்டில் தனியே வைத்துப் பூட்டிச் செல்லலாகாது. தீவிபத்து நேர்ந்தால் அதுவே உயிருக்கு எமனாகும்.

உறவினரின் தொலைபேசி எண்ணை ஆடையில் தைத்து வையுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் கைவசம் இருக்கட்டும். அண்டை வீட்டார், தேநீர்க்கடைக்காரர், பேருந்து நடத்துநர் ஆகியோரிடம் நிலைமையை மறைக்காமல் கூறுங்கள். நோயை மறைப்பதால் குடும்ப மானம் காக்கப்படுவதில்லை. முதியவரைக் காக்கக்கூடிய கண்களே குறைகின்றன.

காணாமற்போனால், ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். உடனே 112 எண்ணில் காவல்துறையை அழையுங்கள். ஆறு, கிணறு, புதர், பழைய வீட்டுக்குச் செல்லும் வழி ஆகியவற்றை முதலில் தேடுங்கள். திரும்பி வந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நடந்தது மறந்துபோகும், கடுஞ்சொல்லால் விளைந்த அச்சமோ தங்கிவிடும்.

இரவும் பகலும் ஒருவரே விழித்திருத்தல் இயலாது. காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதும் முதியவருக்குச் செய்யும் சேவையே. 1992-இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம், இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. அவர் நம்மை மறந்திருக்கலாம்; அவர் யார் என்பதை நாம் மறவாதிருப்போம்.