தலைக்கவசத்தை எதனால் துடைக்கலாம்?

மாணவர்களே, கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள் லாரிப் புகை, மழைச்சேறு, பூச்சி எல்லாம் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோ அண்ணனோ வாசலில் வண்டியைக் கழுவுவார். சங்கிலியில் படிந்த கிரீஸைப் பெட்ரோல் நனைத்த துணியால் எடுப்பார். அதே துணியால் தலைக்கவசத்தில் உள்ள தார்ப்புள்ளியையும் ஓர் இழுப்பு இழுப்பார். கறை உடனே போய்விடும். அதோடு சேர்ந்து வேறு என்ன போகிறது என்பதே இன்றைய பாடம்.

ஒரே கவசம், மூன்று பாலிமர்

நம் நாட்டில் 1973 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த கவசங்களின் வெளி ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். துணி உறைக்கு உள்ளே இருப்பது நுரைத்த பாலிஸ்டைரின். தொலைக்காட்சிப் பெட்டியில் வரும் வெள்ளை நுரையின் உறவினர். முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். மூன்றையும் நாம் ‘பிளாஸ்டிக்’ என்றே அழைக்கிறோம். வேதியியலில் மூன்றும் வேறு வேறு.

நுரை ஏன் முக்கியம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தலையின் நிறை 5 கிலோகிராம் என்றும், அது வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தார்ச்சாலையில் மோதுகிறது என்றும் கொள்வோம். உந்தம் 30 கி.கி. மீ/வி. நுரை 2 சென்டிமீட்டர் நசுங்கித் தலையை நிறுத்தினால், நிற்க ஆகும் நேரம் சுமார் 0.0067 வினாடி. சராசரி விசை 4,500 நியூட்டன். நுரை கெட்டுப்போய் 2 மில்லிமீட்டரிலேயே தலை நின்றால், விசை 45,000 நியூட்டன்! வேகம் மாறவில்லை, தலையும் மாறவில்லை. நசுங்கும் தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததால் விசை பத்து மடங்கானது. ஆகவே உயிரைக் காப்பதில் பெரும்பங்கு அந்த வெள்ளை நுரைக்கே உண்டு.

கரைப்பான் செய்யும் வேலை

பாலிமர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். பாலிஸ்டைரின் சங்கிலிகளுக்கு இடையே வலுவான பிணைப்பு இல்லை. பலவீனமான ஈர்ப்பு விசைகளே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பெட்ரோலில் உள்ள தொலுவீன் போன்ற மூலக்கூறுகள் அமைப்பில் பாலிஸ்டைரினை ஒத்தவை. ஒத்தது ஒத்ததில் கரையும் என்பது விதி. அவை சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து பிரித்துவிட, நுரைக்குள் அடைந்திருந்த காற்று வெளியேறி, நுரை குழைந்து சுருங்கிவிடும். துணி உறை மூடியிருப்பதால் இந்தச் சேதம் வெளியே தெரியாது.

பாலிகார்பனேட் இதைவிட உறுதியானது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் வளைத்துப் பொருத்தப்பட்ட எந்தப் பிளாஸ்டிக்கிலும் உள்ளே இழுவிசை தங்கியிருக்கும். தின்னர், அசிட்டோன் போன்றவை பட்டால், அந்த இழுவிசை உள்ள இடங்களில் தலைமுடி போன்ற விரிசல்கள் தோன்றும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆகாது. அம்மோனியா காரத்தன்மை உடையது, கார்பனேட் பிணைப்புகளையே அது துண்டிக்கும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கு இந்த விரிசல்களில் சிதறினால் சாலை தெரியுமா?

‘பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது’ என்றால்?

1982இல் ஆஸ்திரிய இராணுவம் குளோக் 17 என்ற கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் குழல் எஃகு. கைப்பிடியும் அதனோடு சேர்ந்த சட்டமும் நைலான் வகைப் பாலிமர். இன்று பல நாட்டுக் காவல்துறையினர் இத்தகைய துப்பாக்கிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றை எண்ணெயாலும் கரைப்பானாலும் துடைக்கிறார்களே, சட்டம் ஏன் கரைவதில்லை? நைலான் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகக் கட்டியிருக்கின்றன. எண்ணெயின் முனைவற்ற மூலக்கூறுகளால் அவற்றை எளிதில் பிரிக்க முடியாது. ஆனால் அதே நைலானை வலிமையான அமிலம் அரித்துவிடும்.

எனவே புட்டியில் ‘பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. எந்தப் பிளாஸ்டிக்குக்கு என்று கேட்க வேண்டும். மறுசுழற்சி முக்கோணத்தில் உள்ள எண்ணும் முழு விடை தராது. பாலிஸ்டைரினுக்கு 6, ஆனால் பாலிகார்பனேட்டும் நைலானும் ‘மற்றவை’ என்று 7இல் ஒன்றாகவே அடைக்கப்படுகின்றன.

சரியான முறை

• வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசல் சில துளிகள் போதும்.
• முகக்கண்ணாடியை முதலில் ஈரத்துணியால் மூடிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். உலர்ந்த தூசியைத் தேய்த்தால் கீறல் விழும்.
• உள் உறையைக் கழற்ற முடிந்தால் தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.
• பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். கவசத்தைப் பெட்ரோல் கலன் அருகிலும் வைக்காதீர்கள். ஆவியும் நுரையைத் தாக்கும்.
• கவசத்துக்கு வண்ணம் பூசும் முன்பும் ஸ்டிக்கர் ஒட்டும் முன்பும் தயாரிப்பாளரின் குறிப்பைப் படியுங்கள். வண்ணத்திலும் பசையிலும் கரைப்பான் உண்டு.

செய்து பார்ப்போம்

ஆசிரியர் முன்னிலையில், சன்னல்கள் திறந்த ஆய்வுக்கூடத்தில், அருகில் தீ இல்லாமல் செய்யுங்கள். இரண்டு பீங்கான் தட்டுகளில் வெள்ளை நுரைத் துண்டுகளை வையுங்கள். ஒன்றில் சோப்பு நீரும், மற்றொன்றில் அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியும் சில துளிகள் விடுங்கள். ஒரு நிமிடத்தில் காண்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை வைத்து வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

சிந்திக்க

1. மேற்கண்ட கணக்கில் நுரை 3 சென்டிமீட்டர் நசுங்கினால் சராசரி விசை எவ்வளவு?
2. ஒருமுறை விபத்தில் மோதிய கவசம் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். ஏன்?
3. உங்கள் வீட்டுக் கவசம் இதுவரை எதனால் துடைக்கப்பட்டது? இன்றே கேட்டுப் பாருங்கள்.