உருகும் ஏடுகள்

நுழையும்முன்

கல்லும் பனியும் பழங்காலத் தட்பவெப்பத்தைத் தம்முள் பதிந்து வைத்துள்ளன. அவற்றுள் பனி எழுதிய ஏடுகள் நம் காலத்திலேயே உருகி வருகின்றன. அவற்றைப் படித்தறிவதும், இன்றுள்ள பனியின் அளவைப் பல்லாண்டுகள் இடையறாது பதிந்து வைப்பதும் ஏன் இன்றியமையாதன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கல் கூறும் வரலாறு

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. காரையில் அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரியின் சுருள் ஓடுகளும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிகளும் காணப்படுகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்நிலப்பகுதியைக் கிரெட்டேசியக் காலத்தில் கடல் சூழ்ந்திருந்தது என்பதற்கு இவையே சான்றுகள்.

இத்தகைய ஓடுகள் சிதையாதிருப்பின், பழங்கடலின் வெப்பநிலையையும் அவற்றிலிருந்து கணிக்கலாம். ஆக்சிஜன் அணுக்களுள் எடை மிகுந்தனவும் குறைந்தனவும் உண்டு. நீர் குளிரக் குளிர, ஓட்டில் சேரும் எடைமிகு ஆக்சிஜனின் விகிதம் கூடும். துருவப் பனியில் இது தலைகீழாக அமையும். கடுங்குளிரில் பொழிந்த பனியில் எடைமிகு ஆக்சிஜன் குறைந்திருக்கும்.

பனி கூறும் வரலாறு

அண்டார்க்டிகாவில் ஆண்டுதோறும் பொழியும் பனி அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டியாகிறது. அங்கு டோம் சி என்னுமிடத்தில் ஐரோப்பிய அறிவியலாளர்கள் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் துளையிட்டுப் பனித்தண்டுகளை எடுத்தனர். அவை 8 இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றைக் கூறின. அவற்றின் குமிழிகளில் அடைபட்ட பழங்காற்றில், கார்பன் டைஆக்சைடு பத்து இலட்சம் பங்கிற்கு ஏறத்தாழ 300 பங்கு என்னும் அளவைத் தாண்டவில்லை. இன்றோ அது 420 பங்கைக் கடந்துவிட்டது.

மனிதர் எழுதும் பதிவு

இமாசலப் பிரதேசத்தின் சோட்டா சிக்ரி பனியாற்றில் 2002 முதல் ஆண்டுதோறும் அளவீடு நடைபெறுகிறது. பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நடுவர். கோடையின் முடிவில், வெளியே தெரியும் கழியின் நீளம் எவ்வளவு கூடியுள்ளது என அளந்து, உருகிய அளவை அறிவர். ஓராண்டில் பனி மிகுந்து பொழியலாம். மறு ஆண்டில் குறையலாம். ஆகவே, ஓரிரு ஆண்டுகளின் கணக்கு தட்பவெப்ப மாற்றத்தைக் காட்டாது. அதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளின் தொடர்பதிவு வேண்டும்.

நீண்ட பதிவில் கருவிகளும் மாறும். துருவக் கடற்பனியை 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 முதலாகப் பல செயற்கைக்கோள்கள் அளந்துள்ளன. புதிய கருவி சற்றே கூட்டியோ குறைத்தோ காட்டினால், அக்கருவியின் வேறுபாட்டைப் பனியின் மாற்றம் எனப் பிறழ உணர நேரிடும். எனவே, பழையதும் புதியதும் ஒரே காலத்தில் அளந்தவற்றை ஒப்பிட்டுத் திருத்தம் செய்வர்.

காரையின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் காத்திருந்தன. உருகிய பனியின் அடுக்குகளையோ மீண்டும் பெற இயலாது. அளக்கத் தவறிய ஆண்டைப் பின்னாளில் அளக்கவும் இயலாது. பதிவேட்டில் இன்று எழுதப்படும் ஓர் எண், இனி வரும் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் சான்றாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியில் மழைமானி அமைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைப் பதிவு செய்க. பதிவேட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்க.