மூக்கும் தூங்கும், தெரியுமா?

2011 டிசம்பர் 9, விடியற்காலை. கொல்கத்தாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தீப்பிடித்தது அடித்தளத்தில், இறந்ததோ 90 பேருக்கு மேல், பெரும்பாலும் மேல்மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

‘நாற்றம் வந்தால் முழிப்பு வந்துடாதா?’ என்பீர்கள். அதை நம்ப முடியாது. தூங்குகிறவரைச் சத்தம் எழுப்பும். வாசனை பெரும்பாலும் எழுப்பாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், கால் துவளும், கதவுவரை போக முடியாது.

அதனால்தான் ஆஸ்பத்திரி, விடுதி, முதியோர் இல்லங்களில் விழித்திருக்கும் மூக்கு ஒன்று ராத்திரி முழுக்க நடக்கணும். அவர்தான் தீக்காவலர். (வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் வாட்ச்மேன் வேறு!) மணிக்கொரு முறையாவது அடித்தளம், மின்சார அறை, சமையற்கட்டு எல்லாம் சுற்றி வரணும், அபாய மணி பழுதென்றால் இன்னும் அடிக்கடி. அவசர வழி பூட்டியிருந்தால் அப்போதே திறக்க அவருக்கு அதிகாரம் வேண்டும். புகை கண்டால் மேலதிகாரியைத் தேடி ஓடாமல், முதலில் மணியடித்து எழுப்பி, 101-க்குச் சொல்லணும். எழுந்து நடக்க முடியாதவர் எந்தக் கட்டிலில் என்பதும் அன்றன்று அவருக்குத் தெரிந்திருக்கணும்.