நீந்துவோர்க்கு ஒரு பாடம்

1971ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். அத்துணை நெடுநேரம் நீந்துதற்குக் கைவலிமை மட்டும் போதாது. வலிமையைச் சிக்கனமாய்ச் செலவிடும் முறையும் வேண்டும். ஒலிம்பிக் முப்போட்டியில் 1.5 கிலோமீற்றர் நீந்திய பின்னரும் 40 கிலோமீற்றர் சைக்கிளோட்டமும் 10 கிலோமீற்றர் ஓட்டமும் எஞ்சி நிற்றலின், அதற்குப் பயில்வார்க்கு இச்சிக்கனம் இன்றியமையாதது.

நீரில் தலையை உயர்த்தின் கால்கள் தாழும். தாழ்ந்த கால்கள் வேகத்தைக் கெடுக்கும். ஆதலின், பார்வையைக் கீழ்நோக்கி வைத்து, முகம் நீருள் இருக்கும்போதே மூச்சை வெளிவிடுக. பின்னர் உடலோடு தலையைப் பக்கவாட்டில் திருப்பி உள்வாங்குக. 25 மீற்றருக்கு எத்தனை கைவீச்சு என எண்ணி, அதனைப் படிப்படியாகக் குறைக்க முயல்க.

மாணவர்காள்! ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார். தேர்ந்தாரையும் கடல் கொள்ளும். எனவே சாம்பல்தீவுக் கரையிலும் துணையின்றி இறங்கற்க.