மணமும் மாசும் அகற்றுவோம்: ஒரு வீட்டுப் பாடம்



சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை. எமது வகுப்பு மாணவி ஒருத்தி தனது குளிரங்கியைப் பையொன்றினுள் இட்டு, இறுகக் கட்டிக் கையிலே கொண்டுவந்தாள். இலண்டன் தெருவெங்கும் கடுங்குளிர். காரணம் வினவினோம். "சேர், என்ர கோட் மணக்குது எண்டு பள்ளிக்கூடத்தில எல்லாரும் மூக்கைப் பொத்துகினம்" என்று தலைகுனிந்து கூறினாள். வீட்டில் மீன் பொரிக்க வேண்டாமெனத் தாயாரிடம் அழுதாள் என்பதையும் பின்னர் அறிந்தோம். அன்று நடத்தவிருந்த இலக்கணத்தை ஒத்திவைத்து, மணத்தைப் பற்றியே பாடம் நடத்தினோம். அதன் சுருக்கமே இக்கட்டுரை.

மணம் என்பது யாது?

ஒரு பொருளிலிருந்து ஆவியாகி வரும் நுண்ணிய மூலக்கூறுகள் மூக்கினை அடையும்போது நாம் மணத்தை உணர்கின்றோம். பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்த் துளிகள் அம்மணத்தைச் சுமந்துசென்று திரைச்சீலையிலும் கம்பளியிலும் படிகின்றன. ஊரிலே அடுக்களை பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில் தனித்திருந்தது. புகையும் மணமும் வெளியேறின. இங்கோ குளிருக்கு அஞ்சி யன்னல்களை அடைக்கின்றோம். குளிரங்கிகளையோ சமையலறைக்கு அருகிலுள்ள நடையிலே தொங்கவிடுகின்றோம். ஆகவே குற்றம் உணவினதன்று, அடைபட்ட காற்றினதே.

இன்னுமொன்று. ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். தத்தம் வீட்டின் மணத்தை எவரும் எளிதில் அறியார். எம்மைப் பார்த்து மூக்கைப் பொத்துவோரின் வீட்டிற்கும் ஒரு மணம் உண்டு. அதனை அவர்கள் உணர்வதில்லை. எனவே மாணவர்களே, இதில் வெட்கத்திற்கு இடமில்லை, விளக்கத்திற்கே இடமுண்டு.

செய்ய வேண்டியவை: சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துக. யன்னலைச் சிறிது திறந்து, காற்றை வெளியேற்றும் விசிறியை இயக்குக. சமைத்து முடித்த பின்னரும் பத்து நிமிடம் ஓடவிடுக. குளிரங்கிகளைக் கதவு மூடிய அறையொன்றில் வைக்குக.

மீன் மணம்

கடல்மீன் இறந்தபின், அதிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் திரைமெதைலமைன் என்னும் பொருளாக மாற்றுகின்றன. மீன் மணத்திற்கு முதன்மையான காரணம் இதுவே. இது காரத்தன்மை உடையது. அமிலம் சேர்ந்தால் இது எளிதில் ஆவியாகாத உப்பாக மாறும், மணம் அடங்கும். எம் அன்னையர் மீனுக்குப் புளியும் தேசிக்காயும் சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று என்பதை இப்போது உணர்வீர்கள். மீன் வெட்டிய பலகையையும் கத்தியையும் கைகளையும் முதலில் தேசிக்காய்ப் புளியாலோ வினாகிரியாலோ தேய்த்துக் கழுவி, அதன்பின் சவர்க்காரம் இடுக. சவர்க்காரமும் காரத்தன்மை உடையதாகையால், அதனால் மட்டும் கழுவினால் மீன் மணம் முற்றாக நீங்குவதில்லை.

புளித்த மணம்

பழுதடைந்த பாலின் மணம் அமிலத்தால் எழுவது. இதற்கு மருந்து காரத்தன்மையுள்ள அப்பச்சோடா. சிறு கிண்ணத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் திறந்து வைத்தால் ஓரளவு மணத்தை ஏற்கும். ஆனால் கெட்ட பொருளை அகற்றித் தட்டுகளைத் துடைப்பதே முதல் வேலை.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து, நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வோர் உளர். ஒன்றின் ஆற்றலை மற்றது அழித்துவிடும். எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே. தனித்தனியே பயன்படுத்துக.

கேத்திலும் குத்துவிளக்கும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. இலண்டனுக்கு வரும் நீரும் சுண்ணப் பாறைகளைத் தொட்டே வருகின்றது. இரண்டும் வன்னீர். ஆகவே கேத்திலில் வெண்படிவு ஏற்படுவது எமக்குப் புதிதன்று. அது கல்சியங் காபனேற்று. வினாகிரியும் நீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணிநேரம் விட்டால் படிவு கரையும். பின்னர் நன்கு அலசி, ஒருமுறை நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுக. எமது ஆண்டு விழாவில் ஏற்றும் பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியால் துலக்குவதும் இவ்விதிப்படியே. விளக்கில் படிந்த செப்பு ஓட்சைட்டைப் புளியின் அமிலம் கரைக்கின்றது.

எச்சரிக்கை

பெற்றோர்களே, இதனை மறவாதீர்கள். பிளீச் எனப்படும் வெளிற்றுந் திரவத்துடன் வினாகிரியையோ வேறெந்த அமிலத்தையோ ஒருபோதும் சேர்த்தலாகாது. குளோரீன் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவாக ஏவப்பட்டது இதுவே. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும் பிளீச்சைச் சேர்த்தலாகாது. போத்தலின் எழுத்துகளை வாசிக்க இயலாத பெற்றோருக்குப் பிள்ளைகளே வாசித்துச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு மொழித்தொண்டே.

வீட்டில் செய்து பார்க்க

1. மஞ்சள்தூளை நீரிற் குழைத்து, வெள்ளைத்தாளிற் பூசி உலரவிடுக. அதில் சவர்க்கார நீரைத் தொட்டு வைத்தால் செந்நிறமாகும். அதன்மேல் வினாகிரியை இட்டால் என்ன நிகழ்கின்றது?

2. கறி சிந்திய வெள்ளைச் சட்டையைச் சவர்க்காரத்தால் கழுவும்போது சிவப்பது ஏன்? அதனை அலசி வெயிலில் உலர்த்தி, நாள்தோறும் கறையின் நிறத்தைக் குறித்து வருக.

3. உங்கள் வீட்டில் குளிரங்கிகள் எங்கே தொங்குகின்றன? படம் வரைந்து தமிழில் பெயரிடுக.

அந்த மாணவி இப்பொழுது குளிரங்கியை அணிந்தே வருகின்றாள். அவளது வீட்டிலே வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் மீனும் பொரிகின்றதாம்.