ஒரு கற்குவை உரைக்கும் குடிவரலாறு

உழவுத்தொழிலை மேற்கொண்டு வாழத் தொடங்கிய பண்டை மக்கள், இறந்தோர்க்குப் பெருங்கற்குவைகளை எழுப்பினர். அவற்றுள் வைக்கப்பட்டோர் ஒருவர்க்கொருவர் எம்முறையினர் என்னும் வினாவிற்கு நெடுங்காலம் விடை கிடைத்திலது. இங்கிலாந்து தேசத்துக் குளொஸ்டர்ஷயரிலுள்ள ஹேஸில்டன் நார்த் என்னும் நீள்குவையைக் கொண்டு அவ்விடையை ஈண்டு ஆராய்வோம்.

ஏறத்தாழ 5,700 ஆண்டுகட்கு முன், உழவும் கால்நடை வளர்ப்பும் அத்தீவிற்குப் புதியனவாயிருந்த காலத்தில் அஃது எழுந்தது. கற்களை அடுக்கி அமைத்த அக்குவையினுள், வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக ஈம அறைகள் இரண்டு உள. 1979 முதல் 1982 வரை அஃது அகழப்பெற்றது.

ஆங்குக் கிடைத்த எலும்பு, பற்களினின்றும் 35 பேருடைய மரபணுக்களை அறிஞர் ஆராய்ந்து, 2021-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். அவருள் 27 பேர் ஐந்து தலைமுறையாகத் தொடர்ந்த ஒரே குடும்பத்தினர். அவருட் பெரும்பாலோர், ஓர் ஆடவனுக்கு மக்களைப் பெற்ற நான்கு மகளிரின் வழிவந்தோர். இரு மகளிரின் வழியினர்க்குத் தெற்கறையும், ஏனை இருவரின் வழியினர்க்கு வடக்கறையும் உரியவாயின. குடிவழி ஆண்வழியே சென்றதேனும், எந்த அறை எவர்க்குரியது என்பதைத் தாய்வழியே வரையறுத்தது. அக்குடியிற் பிறந்து வளர்ந்த புதல்வியரை ஆங்குக் காண்கிலோம். அவர் மணந்து சென்ற குடியினரோடு அடக்கப்பட்டனர் போலும்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. அக்குடும்பத்துத் தாயர்க்குப் பிற ஆடவர்பாற் பிறந்த மைந்தரும் அவ்வறைகளிலே இடம்பெற்றனர். அவரை அக்குடியினர் தம் மக்களாகவே ஏற்றுக்கொண்டனர் என்று அறிஞர் கருதுகின்றனர். குருதி ஒன்றே குடியை ஆக்குவது என்று எண்ணுவோர்க்கு இக்கற்குவை விடை கூறுகின்றதன்றோ?