டெலிகன்வெர்ட்டர் தேவையா? கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்

டிஜிட்டல் கேமராவுடன் டெலி ஜூம் லென்ஸ் ஒன்றையும் வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி இது. "பறவை இன்னும் சின்னதாகத்தான் தெரிகிறது. டெலிகன்வெர்ட்டர் வாங்கினால் சரியாகுமா?" கடையில் கேட்டால், "போடுங்க சார், 200 அப்படியே 400 ஆகிடும்" என்பார்கள். அது பொய் அல்ல. படம் பெரிதாகத்தான் செய்யும். ஆனால் பெரிதாக்கும் வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் செய்யும், காசு வாங்காமல். எனவே கம்ப்யூட்டரில் பெரிதாக்கிய படத்தைவிட, கன்வெர்ட்டர் போட்டு எடுத்த படத்தில் கூடுதலாக ஏதாவது தெரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டெலிகன்வெர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டப்படும் சிறிய துணை லென்ஸ். பெரும்பாலும் 1.4 எக்ஸ், 2 எக்ஸ் என இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. 70-200 மி.மீ. எப்/2.8 லென்ஸில் 1.4 எக்ஸ் மாட்டினால் அது 98-280 மி.மீ. எப்/4 ஆகிறது. 2 எக்ஸ் என்றால் 140-400 மி.மீ. எப்/5.6. எப் எண் ஏன் மாறுகிறது? 200ஐ 2.8 ஆல் வகுத்தாலும், 400ஐ 5.6 ஆல் வகுத்தாலும் விடை 71 மி.மீ. தான். ஒளி நுழையும் வாசல் அதே வாசல். அந்த ஒளியை நான்கு மடங்கு பரப்பில் விரித்துப் போடுவதால் ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் கால் பங்குதான் கிடைக்கிறது. இரண்டு ஸ்டாப் இழப்பு என்று சொல்வது இதைத்தான். 1.4 எக்ஸில் இழப்பு ஒரு ஸ்டாப்.

லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தைப் பெரிதாக்கும்போது அதிலுள்ள மங்கலும், ஓரங்களில் தெரியும் நிறக்கசிவும் சேர்ந்தே பெரிதாகின்றன. லென்ஸில் இல்லாத கூர்மையை எந்தக் கன்வெர்ட்டரும் கொண்டுவந்து சேர்க்காது.

அப்படியானால் லாபம் எங்கே? பிக்ஸெல் எண்ணிக்கையில். 24 மெகாபிக்ஸெல் கேமரா 6000 × 4000 அளவில் படம் தரும். நடுவில் பாதி அகலத்தை மட்டும் வெட்டி எடுத்தால் 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்ஸெல்தான் மிஞ்சும். 2 எக்ஸ் போட்டால் அதே காட்சிக்கு 24 மெகாபிக்ஸெலும் கிடைக்கும். 22.3 மி.மீ. அகல சென்சார் உள்ள அத்தகைய கேமராவில் முழுநிலவை 200 மி.மீ.யில் எடுத்தால் அதன் குறுக்களவு ஏறத்தாழ 480 பிக்ஸெல். 400 மி.மீ.யில் 960. இந்தக் கூடுதல் பிக்ஸெல்களில் புதிய விவரம் இருக்கிறதா, பழைய மங்கலே அகலமாகி உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

கன்வெர்ட்டர் இல்லாமலேயே பாதி விடையைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வைக்கவும். லென்ஸ் அதிகபட்ச ஜூமில், அதிகபட்சத் திறப்பில், ஐ.எஸ்.ஓ. 100ல் இருக்கட்டும். லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் நிறுத்திவிட்டு, இரண்டு நொடி டைமரில் எடுக்கவும். காலை வேளையே நல்லது. உச்சி வெயிலில் தரையிலிருந்து எழும் அனலே எழுத்துக்களை நெளிய வைத்துவிடும். பழி லென்ஸ் மேல் விழும்.

படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, இர்பான்வியூவில் திறக்கவும். வீட்டு உபயோகத்திற்கு இது இலவசம். கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் அளவு மாற்றும் கட்டம் திறக்கும். ரீசாம்பிள் என்பதைத் தேர்வு செய்து, அதன் பட்டியலில் லான்க்சோஸ் என்ற வகையைக் கொடுக்கவும். அளவு மாற்றியபின் ஷார்ப்பன் செய்யும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடவும். இப்போது படத்தை 50 சதவீதமாகச் சுருக்கவும். மறுபடி கண்ட்ரோல் + ஆர் அழுத்தி 200 சதவீதமாகப் பெரிதாக்கி, வேறு பெயரில் சேமிக்கவும். அசல் பைலை அழித்துவிட வேண்டாம்.

இரண்டையும் தனித்தனி விண்டோக்களில் 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். சுருக்கி விரித்த படத்தில் சிறிய எழுத்துக்கள் கலைந்து போயிருந்தால், உங்கள் லென்ஸ் ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் விவரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்வெர்ட்டர் பயன்பட வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், இருக்கும் பிக்ஸெல்களையே அந்த லென்ஸ் நிரப்பவில்லை. அதன் மேல் 2 எக்ஸ் மாட்டுவது, நீர்த்த மோரில் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

முதல் சோதனையில் லென்ஸ் தேறினால், கன்வெர்ட்டரை ஒரு நாளைக்கு நண்பரிடமோ வாடகைக்கோ வாங்கி, அதே இடத்திலிருந்து அதே பக்கத்தை எடுக்கவும். இங்கேதான் பலர் தவறாக ஒப்பிடுகிறார்கள். இரண்டு படங்களையும் அப்படியே 100 சதவீதத்தில் பார்த்தால் கன்வெர்ட்டர் படம் எப்போதும் மென்மையாகத்தான் தெரியும். வீண் செலவு என்று தோன்றும். இரண்டையும் திரைக்குள் அடக்கிப் பார்த்தால் பெரிதாகத் தெரிவதே நன்றாக இருப்பது போலத் தோன்றும். இரண்டுமே நியாயமில்லை. கன்வெர்ட்டர் இல்லாத படத்தை 140 அல்லது 200 சதவீதமாகப் பெரிதாக்கி, எழுத்துக்கள் இரண்டிலும் ஒரே உயரத்திற்கு வந்தபின் ஒப்பிடவும். எதில் இன்னும் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறது? ஓரங்களையும் பார்க்க மறக்காதீர்கள். கன்வெர்ட்டர் முதலில் கெடுப்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரு ஸ்டாப் குறைத்து மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

உதாரணமாக, 2010ல் வெளிவந்த கேனன் இ.எப். 70-200 மி.மீ. எப்/2.8 எல் ஐ.எஸ். இரண்டாம் பதிப்பில், அதே ஆண்டு வந்த 1.4 எக்ஸ் மூன்றாம் பதிப்பை மாட்டினால் இழப்பு மிகக் குறைவு. 2 எக்ஸில் எப்/5.6ல் சற்று மென்மை தெரியும். எப்/8க்குப் போனால் நன்றாகத் தேறும். கேமராவோடு சலுகையில் வரும் 75-300 போன்ற லென்ஸ்களில் இதை எதிர்பார்க்க முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே மேல் என்பது என் கருத்து.

ட்ரைபாடில் வென்ற கன்வெர்ட்டர் கையில் பிடிக்கும்போது தோற்கவும் கூடும். 200 மி.மீ. எப்/2.8ல் ஐ.எஸ்.ஓ. 400 போதுமான வெளிச்சத்தில், 2 எக்ஸ் மாட்டி அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 1600 வேண்டும். கை ஆட்டமும் இரு மடங்காகத் தெரியும். பறக்கும் பறவை என்றால் நான் 1.4 எக்ஸோடு நிறுத்திக்கொள்வேன். பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பல, எப்/5.6ஐத் தாண்டினால் ஆட்டோபோகஸையே நிறுத்திவிடும். மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

பணம் கொடுக்கும் முன், லென்ஸ் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள். கேனன் கன்வெர்ட்டர்களின் முன்கண்ணாடி வெளியே நீண்டிருப்பதால், 75-300, 55-250 போன்ற லென்ஸ்களில் அவை மாட்டவே மாட்டா. 2019ல் வந்த ஆர்.எப். 70-200 எப்/2.8 லென்ஸும் கன்வெர்ட்டரை ஏற்காது. 2024ல் அறிவிக்கப்பட்ட இசட் பதிப்புதான் ஏற்கிறது. ஆர்.எப். 100-500ல் மாட்டலாம், ஆனால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூமைக் குறைக்க முடியாது. மாட்டியபடியே லென்ஸைச் சுருக்கிப் பைக்குள் வைக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றியாக வேண்டும்.